கறவை மந்தைகளில் ஜோனீஸ் நோயும் அதன் தடுப்பு முறைகளும்

தொற்று நோய் என்றவுடன் மாடு வளர்ப்போரின் நினைவுக்கு வருவன கோமாரி, அடைப்பான் போன்ற, ஓர் ஊரையே ஒரு வாரத்திற்குள் கலக்கிவிடும் நோய்களே. இவை கொடியனவாயினும் வெளிப்படையானவை. வந்திருப்பது இன்ன நோய் என்பதை மாட்டுக்காரனே கூறிவிடுவான். இந்தியாவில் வெக்கை நோய் ஒழிந்துவிட்டதென 2006 ஆம் ஆண்டில் சர்வதேச அங்கீகாரம் கிடைத்ததற்கும், 2011 ஆம் ஆண்டில் உலகெங்கும் அந்நோய் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டதற்கும் நல்ல தடுப்பூசி ஒரு காரணம் எனின், அந்நோய் தன்னை மறைத்துக்கொள்ளாதது மற்றொரு காரணமாகும். பிழைத்தெழுந்த மாடு பிற மாடுகளுக்கு அதனைப் பரப்புவதில்லை.

ஜோனீஸ் நோய் இதற்கு முற்றிலும் மாறான இயல்புடையது. கன்றுப் பருவத்தில் உடலிற் புகுந்து, ஆண்டுக் கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாதிருந்து, மாடு நன்றாகப் பால் கறக்கும் வயதில் அதனை உருக்கி அழிப்பது இது. அறிகுறி தோன்றுமுன்பே அம்மாடு தன் சாணத்தின் வழியாக அடுத்த தலைமுறைக் கன்றுகளுக்கு நோயைக் கொடுத்து முடித்திருக்கும். ஆகவே நோயுற்ற மாட்டை மட்டும் கண்டு, அதனைக் குறித்து மட்டும் நடவடிக்கை எடுக்கும் பண்ணைகளில் இந்நோய் ஒருபோதும் அடங்குவதில்லை. இதனைத் தடுக்கும் இடம் நோயுற்ற மாடு கட்டியிருக்கும் மூலை அன்று, கன்றுக் கொட்டிலே.

நோயின் போக்கு

பாதிக்கப்பட்ட மாடு பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதிற்கு மேற்பட்டதாக இருக்கும். முதல் ஈற்றிலோ இரண்டாம் ஈற்றிலோ கன்று ஈன்ற சில வாரங்களில் நோய் வெளிப்படுவது வழக்கம். முதலில் பால் சற்றுக் குறையும். தீவனம் போதவில்லை என்றே பலரும் எண்ணுவர். பின்னர்ச் சாணம் இளகும், சில நாட்களில் தானாகவே கெட்டிப்படும், மறுபடியும் இளகும். இவ்வாறு விட்டு விட்டு வரும் கழிச்சல் நாளடைவில் நிலைத்துவிடுகிறது. சாணத்தில் இரத்தமோ சளியோ பொதுவாகக் காணப்படாது, மாடு முக்குவதுமில்லை, காய்ச்சலும் இராது. எல்லாவற்றினும் வியப்பானது, மாடு வழக்கம் போலத் தின்பதேயாகும். தீவனத் தொட்டி காலியாகிறது, மாடோ நாளுக்கு நாள் மெலிகிறது. விலா எலும்புகள் தெரிகின்றன, மயிர் ஒளியிழக்கிறது, இறுதிக் கட்டத்தில் இரத்தத்தில் புரதம் குறைவதால் தாடையின் கீழ் நீர் கோத்து வீக்கம் காண்கிறது. சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மாடு எழ மாட்டாமல் இறக்கிறது.

தாடை வீக்கமும் கழிச்சலும் ஈரல் தட்டைப்புழுவினாலும் உண்டாகும். ஆதலின் குடற்புழு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக் காலத்தைக் கடத்துவது நமது கிராமங்களில் மிகச் சாதாரணம். இரண்டு முறை புழு நீக்கம் செய்தும் கழிச்சல் நிற்காத, தின்றும் மெலியும் பசுவின் சாணத்தைக் கால்நடை மருத்துவ நிலையத்தில் பரிசோதிப்பதே முறை.

இறந்த மாட்டை அறுத்துப் பார்த்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதியின் சுவர் இயல்பினும் பல மடங்கு தடித்து, உட்புறம் மூளையின் மேற்பரப்பைப் போல மடிப்பு மடிப்பாக இருப்பதைக் காணலாம். குடலை இழுத்து நீட்டினாலும் இம்மடிப்புகள் மறைவதில்லை. ஆகாரத்தின் சத்தை உறிஞ்ச வேண்டிய சுவர் இவ்வாறு அடைபட்டுவிட்டதனாலேயே, வயிறு நிறைந்திருந்தும் மாடு பட்டினியால் மெலிகிறது.

கிருமி கண்டறியப்பட்ட வரலாறு

1895 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் யோனே, ஃபிராதிங்ஹாம் என்னும் இருவர், ஓல்டன்பர்க் பகுதியைச் சேர்ந்த ஒரு பசுவின் குடலை ஆராய்ந்தனர். காசநோய்க் கிருமியைப் போலவே அமிலத்தால் சாயம் நீங்காத நுண்ணிய கோல் கிருமிகள் அதில் கூட்டம் கூட்டமாகக் காணப்பட்டன. ஆயினும் அப்பசு உயிருடன் இருந்தபோது காசநோய்ச் சோதனைக்கு உட்பட்டுத் தேறியிருந்தது. பறவைகளுக்கு வரும் காசநோயின் ஒரு வகையாக இருக்கலாம் என அவர்கள் கருதினர். இது தனி நோயென 1906 இல் நிலைநாட்டியவர் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் மக்ஃபேடியன் இதனை யோனேயின் பெயரால் குறிப்பிட, அப்பெயரே ஆங்கில உச்சரிப்பில் 'ஜோனீஸ்' என நிலைபெற்றது. காசநோயை ஒத்தது என்னும் பொருளில் 'பாராடூபர்குலோசிஸ்' என்ற பெயரும் நூல்களில் வழங்குகிறது.

இக்கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது நீண்ட காலம் இயலாததாக இருந்தது. திமோத்திப் புல்லில் வாழும், தீங்கற்ற உறவினக் கிருமியொன்றைக் கொன்று அதன் சாரத்தைச் சேர்த்தால் இக்கிருமி வளரும் என்று டுவார்ட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார். இரும்புச் சத்தைப் பற்றிக்கொள்ள உதவும் ஒரு பொருளை இக்கிருமி தானே ஆக்கிக்கொள்ள இயலாதது என்பதும், அதனைப் பிற கிருமியின் சாரம் அளித்தது என்பதும் பின்னர்த் தெளிவாயின. இத்துணை உதவியளித்தும், சாணத்திலிருந்து கிருமியை வளர்த்துக் காண 8 முதல் 16 வாரங்கள் செல்கின்றன. விலங்கின் உடலுக்கு வெளியே இது பெருகுவதில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும். மண்ணிலும் நீரிலும் காணப்படும் கிருமி அனைத்தும் ஏதேனும் ஒரு விலங்கின் உடலிலிருந்து வந்ததே. நோயைத் தடுக்க முயல்வோர்க்கு இது ஒன்றே ஆறுதலளிக்கும் செய்தி.

பெருகாது எனினும், எளிதில் இறந்துபோவதுமில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையொன்றில், முழு நிழலில் கிடந்த உலர்ந்த மண்ணில் 55 வாரங்கள் வரை கிருமி உயிருடன் இருந்தது. நிழலற்ற திறந்த இடத்தில் அதன் ஆயுள் பெரிதும் குறைந்தது. ஓலைக் கூரையின் கீழ், ஈரச் சாணம் நீங்காத தரையில் கன்றுகளைக் கட்டும் வழக்கத்தை இச்செய்தியோடு பொருத்திப் பார்த்தல் நலம்.

தொற்று நிகழும் வழி

நோய் முற்றிய பசுவின் ஒரு கிராம் சாணத்தில் பத்து லட்சத்திற்கு மேற்பட்ட கிருமிகள் இருத்தல் கூடும். கன்றுக்கு நோய் பற்றுவதற்கு ஆயிரம் அளவே போதுமெனக் கருதப்படுகிறது. மடியில் ஒட்டிய ஒரு துளிச் சாணத்தைக் கன்று நக்கினாலே அது விழுங்கும் கிருமி மிகுதியாகும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளே, அதிலும் பிறந்த சில நாட்களுக்குட்பட்டவையே, எளிதில் தொற்றுப் பெறுகின்றன. வயது ஏற ஏற எதிர்ப்பு வலுக்கிறது. வளர்ந்த பசு கிருமியை உட்கொண்டாலும் நோய்வாய்ப்படுவது அரிது.

சாணம் தவிர வேறு இரு வழிகளும் உண்டு. நோயுற்ற பசுக்களின் சீம்பாலிலும் பாலிலும் கிருமி வெளிப்படுகிறது. கருவிலிருக்கும் கன்றுக்கும் அது செல்லும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தவர்கள், அறிகுறி காட்டாத நோயுற்ற பசுக்களின் கருக்களில் ஏறக்குறைய 9 சதவிகிதமும், அறிகுறி தோன்றிய பசுக்களின் கருக்களில் 39 சதவிகிதமும் தொற்றுப் பெற்றிருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். எனவே கழிச்சல் கண்ட பசுவின் கடைசிக் கன்றினை, தாய் நல்ல கறவை என்பதற்காக மந்தைக்கென வளர்ப்பது பெரும் தவறாகும். உடைமையாளர்கள் பெரும்பாலும் செய்வதோ அதனையே. தாய் போய்விட்டது, மகளாவது எஞ்சட்டும் என்ற எண்ணம் இயற்கையானதுதான். அம்மகள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் தாயின் வழியே செல்லும்போது அவ்விழப்பு தீவனச் செலவோடு சேர்ந்து இரட்டிப்பாகிறது.

கழிச்சல் கண்ட ஒரு பசு மந்தையில் இருக்குமாயின், அதே மந்தையில் வெளித்தோற்றத்தில் நலமாயுள்ள 15 முதல் 25 மாடுகள் வரை தொற்றுப் பெற்றிருக்கலாம் என்பது அமெரிக்க ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு. அவற்றுள்ளும் வழக்கமான பரிசோதனைகளுக்கு அகப்படுபவை கால் பங்கோ, மூன்றில் ஒரு பங்கோ ஆகும். ஏனையவை அண்மையில் தொற்றுப் பெற்ற கன்றுகளும் கிடேரிகளும். அவற்றின் உடலில் நோய் இருந்தும், சாணத்தில் கிருமியோ இரத்தத்தில் எதிர்ப்பொருளோ இன்னும் தோன்றியிராது.

ஐஸ்லாந்துத் தீவில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. செம்மறி இன அபிவிருத்திக்காக 1933 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 20 காரகுல் ஆடுகள் அங்கு வரவழைக்கப்பட்டன. அவை நோயற்றவை எனச் சான்று பெற்றிருந்தன. இறங்கியபின் இரண்டு மாதம் ஒரு சிறு தீவில் தனித்தும் வைக்கப்பட்டன. பின்னர்ப் பண்ணைகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. 1938 இல் அங்குள்ள ஆடுகளில் ஜோனீஸ் நோய் கண்டறியப்பட்டது. பிற்பாடு அது மாடுகளுக்கும் பரவியது. அதற்கு முன் அத்தீவில் அந்நோய் அறியப்பட்டதில்லை. ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும் நோய்க்கு இரண்டு மாதத் தனிமை என்ன செய்யும்? புதிதாக வாங்கிய பசுவை 21 நாட்களோ 30 நாட்களோ தனியே கட்டி வைப்பது கோமாரி முதலியவற்றுக்கு ஏற்றது. ஜோனீஸ் நோய்க்கு அதனால் ஒரு காப்பும் இல்லை.

பரிசோதனைகளின் எல்லை

சாணத்தையோ மலக்குடலின் உட்சுரண்டலையோ கண்ணாடியில் தடவி, ஜீல்-நீல்சன் முறையில் சாயமேற்றி நோக்கினால், செந்நிறக் கோல்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். எளிய ஆய்வுக்கூடத்திலும் இதனைச் செய்யலாம். கழிச்சல் கண்ட மாட்டிற்கு இது பயன்படும். தெரியாவிடின் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. ஜோனின் என்னும் சாரத்தைத் தோலினுள் செலுத்தி வீக்கத்தை அளக்கும் சோதனை நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இச்சாரத்தைத் தயாரித்து வந்துள்ளது. ஆயினும் காசநோயுற்ற மாடும் மண்ணிலுள்ள உறவினக் கிருமிகளுக்கு ஆட்பட்ட மாடும் இதற்கு வீக்கம் காட்டுவதுண்டு. நோய் முற்றிய மாடு காட்டாமற்போவதும் உண்டு. தனி மாட்டின் விதியை இச்சோதனை ஒன்றினால் நிர்ணயிப்பது தகாது.

இரத்தத்திலும் பாலிலும் எதிர்ப்பொருளைக் காணும் எலிசா சோதனை மலிவானது, விரைவானது. மிகுதியாகக் கிருமியை வெளியிடும் மாடுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சாணத்தில் கிருமியின் மரபுப் பொருளைக் காணும் பி.சி.ஆர். சோதனை வாரக்கணக்கான காத்திருப்பை நீக்கியுள்ளது. இவற்றுள் எதுவும் இளம் கன்றில் மறைந்துள்ள தொற்றைக் காட்டவல்லதன்று. 'இல்லை' என்ற முடிவு வரின், 'இன்று புலப்படவில்லை' என்றே அதற்குப் பொருள். ஒரே முறை மந்தை முழுவதையும் சோதித்து, தேறியவற்றைக் கொண்டு தூய மந்தை அமைத்துவிட்டதாக நினைப்பது இக்காரணத்தாலேயே ஏமாற்றத்தில் முடிகிறது.

டென்மார்க்கில் 2006 இல் தொடங்கப்பட்ட திட்டம் சோதனையின் இக்குறையை ஒப்புக்கொண்டே வகுக்கப்பட்டது. அங்குக் கறவைகளின் பாலை ஆண்டில் பல முறை சோதித்து, அபாயம் மிக்கவை, அபாயம் குறைந்தவை என இரு வகையாகக் குறியிடுகின்றனர். அபாயம் மிக்க பசு உடனே மந்தையினின்று நீக்கப்பட வேண்டும் என்பதில்லை. ஆனால் அது தனியிடத்தில் ஈன வேண்டும், அதன் சீம்பாலும் பாலும் கிடேரிக் கன்றுகளுக்குச் செல்லலாகாது. திரும்பத் திரும்ப அபாயம் காட்டுபவையே முதலில் கழிக்கப்படுகின்றன. இந்திய நிலைமைக்கு இவ்வழி பெரிதும் ஒத்துவரக் கூடியது.

இந்தியாவில் உள்ள சிக்கல்

மேல்நாடுகளில் நோயுற்ற பசு இறைச்சிக் கூடத்திற்குச் செல்கிறது. ஜப்பானில் சோதனையும் அழிப்பும் அரசாங்கத் திட்டமாகவே நடைபெறுகின்றன. இந்திய அரசியலமைப்பின் 48 ஆவது பிரிவும் அதையொட்டிப் பெரும்பாலான மாநிலங்களில் இயற்றப்பட்ட சட்டங்களும் பசுவைக் கொல்வதைத் தடுப்பதால் அம்முறைக்கு இங்கு இடமில்லை. 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் ஜோனீஸ் நோயும் இடம்பெற்றுள்ளது. எனினும் அட்டவணையில் இடம்பெறுவதால் மட்டும் மெலிந்த பசு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுவதில்லை.

நடைமுறையில் அப்பசு சந்தைக்குப் போகிறது. கழிச்சலைச் சில நாட்கள் மருந்தால் நிறுத்தி, குறைந்த விலைக்கு விற்றுவிடுகின்றனர். மலிவாகக் கிடைக்கும் கறவையைத் தேடுபவர் ஏழைக் குடியானவரே. கடன்பட்டு வாங்குபவரும் அவரே. ஒரு பண்ணையின் நஷ்டம் இவ்வாறு ஒரு குடிசையின் நஷ்டமாக மாறுவதோடு, அவ்வூரின் கன்றுகளுக்கும் நோய் சென்றடைகிறது. கழிச்சல் கண்ட பசுவை விற்பது, தொற்றை விலைக்கு விற்பதே ஆகும்.

விற்காமலும் கொல்லாமலும் வைத்திருக்க ஒரு வழி தனிமைப்படுத்தலே. காசநோயை ஒழிக்க முன்குறிப்பிட்ட பாங், 1892 ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கில் வகுத்த முறையும் இதுவே. நோயுற்றவற்றை வேறு கொட்டிலுக்கு மாற்றி, அவற்றின் கன்றுகளைப் பிறந்தவுடன் பிரித்து, சூடாக்கிய பாலூட்டி, இரு மந்தைகளாக நடத்தினார். முதலாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் முதிய, பயனற்ற மாடுகளுக்கெனக் கோசதன்கள் அமைக்கப்பட்டபோதும், நல்ல மந்தையிலிருந்து வேண்டாதவற்றைப் பிரிப்பது ஒரு நோக்கமாக இருந்தது. இன்று அப்பணியைக் கோசாலைகள் ஏற்றுள்ளன. வட இந்தியக் கோசாலைகள் சிலவற்றில் இந்நோய் இருப்பது ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளதால், அங்கும் சினைப் பசுக்களையும் கன்றுகளையும் மெலிந்த மாடுகளோடு சேர்த்துக் கட்டாதிருத்தல் இன்றியமையாதது. தொழுவத்தை இரண்டாகத் தடுக்கும் ஒரு சுவரும், தனித் தண்ணீர்த் தொட்டியும் எந்த மருந்தினும் மேலான பயன் தரும்.

மருந்து என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் பயன்படும் சில மருந்துகள் கழிச்சலைத் தற்காலிகமாக அடக்குகின்றன, குணப்படுத்துவதில்லை. மருந்து கொடுக்கும் காலத்திலும் மாடு கிருமியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அம்மருந்துகள் பாலிலும் தங்கும்.

கன்றுக் கொட்டிலில் செய்ய வேண்டுவன

ஈனும் இடம் பொதுத் தொழுவமாக இருக்கலாகாது. ஈனுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே பசுவைக் கழுவி, உலர்ந்த, சாணமற்ற, வெயில் படக்கூடிய இடத்தில் தனியே கட்ட வேண்டும். கழிச்சலுள்ள மாட்டை அங்கு ஒருபோதும் கட்டலாகாது. நோய்வாய்ப்பட்ட மாடுகளைக் கட்டுவதற்கும் ஈனும் அறையையே பயன்படுத்தும் வழக்கம் பல பண்ணைகளில் உள்ளது, அதுவே பெரும் கேடு விளைவிப்பது. ஒவ்வொரு ஈற்றுக்குப் பின்னும் சாணத்தையும் வைக்கோலையும் அகற்றித் தரையைச் சுரண்டிக் கழுவியபின் கிரிசால் வகை மருந்து நீரைத் தெளிக்கலாம். சாணத்தின் மேல் ஊற்றப்படும் மருந்து வீணே.

கன்றைத் தாயிடமிருந்து எப்போது பிரிப்பது என்பதே இந்தியச் சூழ்நிலையில் மிகக் கடினமான கேள்வி. மேல்நாட்டு நூல்கள் பிறந்த சில மணி நேரத்திற்குள் பிரிக்கச் சொல்கின்றன. கலப்பினப் பசுக்களில் இது எளிது. கிர், சாஹிவால் முதலிய நாட்டினப் பசுக்களும் எருமைகளும் கன்று முட்டிச் சுரக்கவைத்தாலன்றிப் பால் இறக்க மறுப்பவை. ஐந்து ஈற்றுகள் கன்றூட்டிப் பழகிய எருமையிடமிருந்து கன்றைத் திடீரெனப் பிரித்தால் எருமை பால் மறக்கும். நஷ்டம் கண்டவர் திட்டத்தையே கைவிடுவார். ஆகவே முதல் ஈற்றுக் கிடேரிகளிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. கன்றின் முகம் காட்டாமலே, மடியைத் தேய்த்து, தீவனம் வைத்து, ஒரே நேரத்தில் ஒரே ஆள் கறந்து பழக்கினால் கிடேரி கன்றின்றியே சுரக்கக் கற்றுக்கொள்கிறது. பழைய கறவைகள் கழியக் கழிய, சில ஆண்டுகளில் மந்தை முழுவதும் அப்பழக்கத்திற்கு வந்துவிடும். ஒழுங்குபட்ட பண்ணைகள் பல இம்முறையைக் கையாளுகின்றன.

பிரித்த கன்றிற்குச் சீம்பால் குறையலாகாது. பிறந்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் முதல் ஊட்டும், முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவும், அதாவது 25 கிலோ கன்றிற்கு இரண்டரை லிட்டரும் செல்ல வேண்டும். ஜோனீஸ் நோய்க்கு அஞ்சிச் சீம்பாலை நிறுத்தினால் கன்று அந்நோய்க்கு முன்பே சாதாரணக் கழிச்சலால் இறந்துவிடும். மடியை நீரால் கழுவித் துடைத்தபின், சோதனையில் தேறிய பசுவிடமிருந்தே கறந்து ஊட்டுக. பல பசுக்களின் சீம்பாலை ஒன்றாகக் கலப்பது, ஒரு பசுவின் நோயை எல்லாக் கன்றுகளுக்கும் பங்கிடுவதாகும். வசதியுள்ள பண்ணைகளில் 60 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் சூடாக்கலாம். கிருமி பெரிதும் குறையும், காப்புச் சத்தும் கெடாது. சூடு அதற்கு மேற்சென்றால் சீம்பால் திரைந்து கட்டியாகிவிடும். வெப்பமானி இல்லாத இடத்தில் இம்முயற்சி வேண்டா.

வேலையின் வரிசையும் முக்கியம். காலையில் முதலில் கன்றுக் கொட்டில், பின்னர்க் கறவைகள், கடைசியில் தனிமைப்படுத்திய மாடுகள் என்ற முறையில் ஆட்கள் செல்ல வேண்டும். சாணம் அள்ளும் கூடையும் மண்வெட்டியும் தீவனத்தின் பக்கம் வரலாகாது. ஒரே கூடையில் காலையில் சாணமும் மாலையில் புல்லும் சுமக்கும் வழக்கத்தை எத்தனை தொழுவங்களில் காணலாம்! பெரிய மாடுகள் தின்று மிஞ்சிய தீவனத்தைக் கன்றுகளுக்குத் தள்ளுவதும் அவ்வாறே. பச்சைச் சாணம் இட்ட நிலத்துப் புல்லை ஓராண்டு வரை கன்றுகளுக்கு அறுத்துப் போடாதிருத்தல் நன்று. குவியலாக அடுக்கி, உட்சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறும்படி மக்கவைத்த எருவில் கிருமி அழிகிறது. சாதாரணச் சாண எரிவாயுக் கலத்தின் மிதமான சூட்டில் அது சில வாரங்கள் வரை தாங்கக்கூடும். ஆதலின் அதிலிருந்து வெளிவரும் கூழையும் புல் நிலத்திற்கு உடனே பாய்ச்சலாகாது. செம்மறி ஆடும் வெள்ளாடும் இதே நோயைச் சுமப்பவையாதலால், அவற்றைக் கன்றுகளோடு ஒரே பட்டியில் அடைப்பதும் தவிர்க்கத்தக்கது.

ஒன்றிரண்டு மாடுகளே உடையவர்க்கு இவை அனைத்தும் இயலா. கன்றூட்டியே கறக்க வேண்டியிருப்பின், ஊட்டுமுன் மடியையும் காம்பையும் கழுவுதல், ஊட்டியவுடன் கன்றைத் தாயின் சாணம் எட்டாத உலர்ந்த இடத்தில் கட்டுதல், தனிப் பாத்திரத்தில் கிணற்று நீர் காட்டுதல் ஆகிய மூன்றையேனும் செய்தால் தொற்றின் அளவு வெகுவாகக் குறையும்.

தடுப்பூசி

1926 இல் பிரான்சில் வல்லே, ரிஞ்ஞார் என்போர் முதல் தடுப்பூசியை ஆக்கினர். ஐஸ்லாந்தில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டதன் பயனாக இந்நோயால் நேரும் சாவு 94 சதவிகிதம் குறைந்தது. இந்தியாவில் மதுரா மாவட்டத்து மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், நோயுற்ற வெள்ளாட்டிலிருந்து பிரித்த உள்நாட்டுக் கிருமியைக் கொன்று தடுப்பூசி தயாரித்துள்ளனர். தடுப்பூசி கழிச்சலையும் சாவையும் குறைக்கிறது, சாணத்தில் செல்லும் கிருமியையும் குறைக்கிறது. தொற்றை முற்றிலும் தடுப்பதில்லை. தடுப்பூசி பெற்ற மாடு பின்னர்க் காசநோய்ச் சோதனைக்கு வீக்கம் காட்டக்கூடும் என்பதால், போட்ட நாளையும் மாட்டின் எண்ணையும் பதிந்து வைப்பது கட்டாயம். எண்ணெய் கலந்த ஊசி மருந்து தவறி மருத்துவரின் விரலில் ஏறினால் நெடுநாள் ஆறாத கட்டி உண்டாகும்.

மனிதரின் குடலை வருத்தும் கிரோன் நோய்க்கும் இக்கிருமிக்கும் உள்ள தொடர்பு குறித்து விவாதம் தொடர்கிறது. இரு நோய்களிலும் குடல் தடிக்கும் தன்மை ஒத்திருப்பதை 1913 இலேயே கிளாஸ்கோவின் டால்சீல் என்னும் அறுவை மருத்துவர் சுட்டிக் காட்டினார். இக்கிருமியே அந்நோய்க்குக் காரணம் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் இல்லத்து வழக்கம் இவ்விஷயத்தில் நல்ல காப்பாகும்.

திட்டம் தொடங்கிய முதல் ஐந்து ஆண்டுகளில் கழிச்சல் காணும் மாடுகளின் தொகை குறையாமலிருப்பதைக் கண்டு பண்ணையாளர் மனந்தளரக் கூடும். அவை யாவும் திட்டத்திற்கு முன்பே, தாம் கன்றாக இருந்தபோது தொற்றுப் பெற்றவை. ஆதலின் பண்ணைப் பதிவேட்டில் திட்டம் தொடங்கியபின் பிறந்த கிடேரிகளுக்குத் தனிக் குறியிட்டு, தாயின் எண், பிறந்த இடம், ஊட்டிய சீம்பால் யாருடையது என்பவற்றையும் எழுதி வருதல் வேண்டும். அக்குறியுள்ளவை இரண்டாம், மூன்றாம் ஈற்றுக்கு வரும்போது எடுக்கும் சாணப் பரிசோதனையே கன்றுக் கொட்டிலில் செய்த வேலைக்குக் கிடைக்கும் முதற் கணக்கு.